முகத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அரசு மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரத்தசோகை பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். தலைவி அம்மா போன் பண்ணி, "முகத்துக்குப் பண்ற ஆபரேஷன் பத்திப் பேசுங்க சிஸ்டர்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கடன் கேட்டு வர்ற விண்ணப்பத்துல இப்ப அதுவும் வருது. மருத்துவச் செலவுன்னு எழுதியிருக்காங்க. விசாரிச்சா மூக்கைச் சரி பண்ண, தழும்பை எடுக்க, கன்னத்துக்கு ஊசி போடன்னு சொல்றாங்க. கொடுக்கலாமா கூடாதான்னு எங்களுக்குத் தெரியல" என்றார். நியாயமான கேள்வி. பணத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், ஒரு பெண்ணோட முகத்தையும் உடம்பையும் பற்றிய கேள்வி அது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் முகத்துக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க. "உருக்கொடுப்பது" என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை என்கிறோம். இது வெளிநாட்டிலிருந்து வந்த வித்தையும் இல்லை. அறுந்த மூக்கைத் தோல் வைத்துச் சரிசெய்யும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. புனே பக்கம் ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்த செய்தி 1794ஆம் ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்கார டாக்டர்கள் அந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் ஏன் போகணும்? கனமான தோடு போட்டுக் காது கிழிந்து, அதைத் தைத்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அதுவும் இந்த சர்ஜரிதான். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஜனங்கள் பணத்தை விடுகிறார்கள்.

முதல் வகை, பழுதானதைச் சரிசெய்வது. பிறவியிலேயே உதடு பிளந்திருப்பது, தீக்காயத்தில் கழுத்தும் முகமும் இழுத்துக்கொண்டது, விபத்தில் தாடை உடைந்தது, இமை இறங்கிப் பார்வையை மறைப்பது எல்லாம் இதில் வரும். இது ஆடம்பரம் கிடையாது, வைத்தியம். இதற்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் ஸ்டான்லி, தீக்காயத்துக்குப் பேர்போன கீழ்ப்பாக்கம் என்று பெரிய பிரிவுகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய சிகிச்சை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் கேளுங்கள். 104க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். பிளந்த உதட்டோடு குழந்தை பிறந்தால், "கிரகணத்தில் பிறந்தது" என்று வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். உதட்டை 3 மாதத்திலிருந்தே சரிசெய்யலாம். அன்னப் பிளவை ஒன்றரை வயதுக்குள் சரிசெய்தால் பேச்சு நன்றாக வரும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே வழி காட்டுவார்கள். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம்.

இரண்டாவது வகை, அழகுக்காகச் செய்துகொள்வது. நல்லாயிருக்கும் மூக்கை இன்னும் கூர்மையாக்குவது, கண்ணுக்குக் கீழே இருக்கும் பையை எடுப்பது, தாடைக்கு வடிவம் கொடுப்பது, சுருக்கத்துக்கு ஊசி போடுவது. இதற்குக் காப்பீடு கிடையாது. மற்ற வைத்தியத்துக்கு இல்லாத ஜி.எஸ்.டி. வரியும் இதற்கு உண்டு. முழுச் செலவும் நம் கையிலிருந்துதான்.

இதைச் செய்துகொள்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் ஒரு தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்த அக்கா, அது சரியானதும் தலைப்பை இறக்கிவிட்டு வார்டில் நடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இது யாருக்காக?

வார்டில் இருந்தபோது அம்மாவும் மகளுமாக வருவார்கள். அம்மாதான் பேசுவார். "பொண்ணு பார்க்க வந்தவங்க மூக்கு கொஞ்சம் சப்பைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் இன்னொரு இடம் வருது. அதுக்குள்ள முடிச்சுரலாமா டாக்டர்?" என்று கேட்பார். மகள் தலையைக் குனிந்துகொண்டே இருக்கும். எங்கள் டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்பார்: "உனக்கு வேணுமாம்மா?" பாதிப் பேர் "வேணாம் டாக்டர், வீட்டுலதான் சொல்றாங்க" என்பார்கள். அவர்களுக்கு அவர் செய்ய மாட்டார். நல்ல டாக்டருக்கு அது ஒரு அடையாளம். வேண்டாம் என்றும் சொல்லத் தெரிந்தவர் அவர்.

மூக்கை மாற்றினால், வந்த மாப்பிள்ளை வீட்டார் அடுத்து நிறத்தைச் சொல்வார்கள், உயரத்தைச் சொல்வார்கள். அடுத்தவர் வாய்க்காக நம் முகத்தை அறுத்துக்கொண்டே போக முடியாது. அப்புறம் இன்னொன்று, அவசரத்துக்கு இது ஆகவே ஆகாது. மூக்கு ஆபரேஷன் செய்தால் பெரிய வீக்கம் சில வாரங்களில் வடியும். முழு வடிவம் தெரிய ஒரு வருஷம் வரை ஆகும். தழும்பு சிவப்பு மாறி அடங்கவே 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் பிடிக்கும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் செய்தால் மணமேடையில் வீங்கின முகத்தோடுதான் உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அவசரப்படவே கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 15, 16 வயது வரை மூக்கு வளர்ந்துகொண்டிருக்கும். 18 வயது முடிந்து, அந்தப் பெண்ணே தன் வாயால் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆபரேஷனும் கறுப்பைச் சிவப்பாக்காது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, முடி முளைத்து, பரு கொப்பளிக்கும். அந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர தோல் டாக்டர்கள் மாதக் கணக்கில் போராட வேண்டியிருக்கிறது.

சரி, நிதானமாக யோசித்து, எனக்கே வேணும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து, யார் கையில் முகத்தைக் கொடுப்பது?

நாம் மாடு வாங்கப் போனால் என்ன செய்வோம்? பல்லைப் பிடித்துப் பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம், வேளை தவறாமல் கறந்து பார்ப்போம். தரகர் சொன்னதை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டோம். ஆனால் முகத்துக்கு மட்டும் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டுகிறோம்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்தான் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை நிபுணர். நேரடியாக ஆறு வருஷப் படிப்பாகவும், டி.என்.பி. என்ற பட்டமாகவும் இது உண்டு. தோலுக்கு எம்.டி. தோல் மருத்துவம் படித்தவர். தாடை எலும்புக்கு, பல் மருத்துவத்தில் முக அறுவை சிகிச்சை படித்த எம்.டி.எஸ். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்று மட்டும் போர்டில் போட்டிருந்தால், என்ன படிப்பு என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க, கல்லூரி போகிற உங்கள் பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் போதும். கிளினிக்குக்கும் பதிவுச் சான்று இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அழகு நிலையத்தில் புருவம் எடுக்கலாம், பேஷியல் செய்யலாம். ஊசி மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். கன்னத்தையும் உதட்டையும் உப்பவைக்கும் ஃபில்லர் ஊசி, தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் கறுத்து அழுகிவிடும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகும். படித்த டாக்டர் போட்டாலும் அபூர்வமாக இது நடக்கலாம். ஆனால் அவருக்கு உடனே அடையாளம் தெரியும், கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருப்பார். பார்லரில் அது இருக்காது. சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் 3, 4 மாதம்தான் நிற்கும், அப்புறம் திரும்பவும் போட வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த ஊசிகளைத் தவிர்க்க வேண்டும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு வாய் அடைத்துப்போகும். அதனால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் பட்டியலைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, வேறு ஒருவரா? இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

2. மரத்துப்போக ஊசியா, முழு மயக்கமா? முழு மயக்கம் என்றால் மயக்க மருந்து டாக்டர் யார்? எனக்கு மூச்சுத் திணறினால் இங்கே ஐ.சி.யு. இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்?

3. தழும்பு எங்கே வரும், எவ்வளவு நீளம்? தழும்பே வராது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தோலை வெட்டினால் தழும்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைப்பதுதான் சாமர்த்தியம்.

4. எனக்கு என்னென்ன கெடுதல் வர வாய்ப்பு இருக்கிறது? ரத்தக்கட்டு, சீழ், உணர்ச்சி குறைவது, நரம்பு அடிபட்டு முகம் ஒரு பக்கம் இறங்குவது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் போவது, இதில் எதெது?

5. எனக்குத் திருப்தி இல்லை என்றால் மறுபடி செய்வீர்களா? அதற்குத் தனிப் பணமா?

6. எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது? எத்தனை நாள் வெயிலில், அடுப்படியில் நிற்கக் கூடாது?

7. ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள். "இன்னிக்கே கட்டினா பாதி விலை" என்கிறவரிடம் போகாதீர்கள். முடிந்தால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

நாம் கேட்பது போலவே டாக்டரிடம் நாம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, தைராய்டு எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் ஆறாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள். அதை நீங்களாகவும் நிறுத்திவிடாதீர்கள், இதய நோயாளிக்கு அதுவே ஆபத்து. எந்த நாள் நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். சித்த மருந்து, லேகியம், கஷாயம் எடுத்தாலும் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லணும். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், தையல் போட்ட தோலுக்கு ரத்தம் போகாது. குறைந்தது நான்கு வாரம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும். காது குத்தின இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு கட்டி மாதிரி மேடாக வளர்ந்திருக்கிறதா? அதைக் கெலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் இது அதிகம். அப்படி உள்ளவருக்கு அழகுக்காகச் செய்த ஆபரேஷனே அசிங்கமான தழும்பில் முடியலாம். கட்டாயம் காட்டுங்கள்.

அடுத்தது கையெழுத்து. சம்மதப் படிவத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீட்டினால் போடாதீர்கள். முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த ஆபரேஷன், முகத்தில் எந்த இடம் என்று எழுதியிருக்க வேண்டும். சோதனைக்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டு, மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்த ஒரு வழக்கில், 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய. நல்லது கெட்டது, வேறு வழி எல்லாவற்றையும் டாக்டர் முன்னாலேயே விளக்கியிருக்க வேண்டும். நீங்கள் 18 வயது நிரம்பிய பெண் என்றால் உங்கள் கையெழுத்துத்தான் சட்டப்படி முக்கியம். புருஷன் கையெழுத்து அதற்கு ஈடாகாது. முன்னும் பின்னும் எடுக்கும் போட்டோ எதற்கு என்றும் கேளுங்கள். வைத்தியப் பதிவுக்கு எடுக்கலாம். உங்களைக் கேட்காமல் விளம்பரத்தில் போடக் கூடாது.

ஆபரேஷன் நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு மயக்கம் என்றால் பொதுவாக 6 மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். காபி, பால் எல்லாம் சாப்பாட்டுக் கணக்குத்தான். மூக்குத்தி, தோடு, தாலி, மெட்டி கழற்றச் சொன்னால் சங்கடப்படாதீர்கள். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் கருவி அதனால் சரியாகக் காட்டாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தலையணை உயர்த்திப் படுங்கள், வெயில் படாமல் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் தையலில் வைக்காதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீக்கம் ஏறினால், ரத்தம் நிற்காமல் கசிந்தால், காய்ச்சல் வந்தால், தோல் வெளுத்தோ கறுத்தோ போனால், பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

கடைசியாக, நம் குழு விஷயம். கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் என்ன செய்யலாம்? மொத்தச் செலவை எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், மருந்து, வரி, திரும்பப் போகும் பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தம். கிளினிக்கிலேயே "வட்டியில்லாத் தவணை" என்று ஒரு நிதி நிறுவனத்தின் தாளை நீட்டுவார்கள். அதில் பரிசீலனைக் கட்டணம், தாமத அபராதம் எவ்வளவு என்று படித்த பிறகுதான் கையெழுத்து. ஆபரேஷன் சரியில்லை என்று நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. மாட்டுக் கடன் பாலில் அடையும், தையல் மிஷின் கடன் தைத்தால் அடையும். இது எந்த வருமானத்தில் அடையும் என்பதை அந்த உறுப்பினரே சொல்லட்டும். முதல் வகை ஆபரேஷன் என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், குழுவில் ஒருவர் துணைக்குப் போங்கள். அது கடனைவிடப் பெரிய உதவி.

இன்னொரு முக்கியமான வேண்டுகோள். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும். ஒரு பெண் தன் முகத்தைப் பற்றிக் குழுவில் சொன்னது தெருக்குழாயடிக்குப் போகக் கூடாது. நாம் கேலி செய்வோம் என்று பயந்துதான் பெண்கள் யாருக்கும் சொல்லாமல், விசாரிக்காமல், தனியாகப் போய் ஏமாறுகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. எல்லா ரசீதையும், டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். போலி டாக்டர் என்று தெரிந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். குழுவாகப் போனால் நம் மனுவுக்கு மரியாதை வேறுதான், அது உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் அந்த ஏழு கேள்விகளை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். முக ஆபரேஷனுக்கு மட்டும் என்று இல்லை, கர்ப்பப்பை எடுக்கச் சொன்னாலும், கண் ஆபரேஷன் என்றாலும் அதே கேள்விகள் பொருந்தும். வங்கி மேனேஜரிடம் பேசப் பயந்த நாம் இன்று எதிரில் உட்கார்ந்து வட்டி கேட்கிறோம். டாக்டரிடமும் அப்படியே கேட்போம்.

 சாப்பாட்டு நேரத்தில் நான் இங்கேதான் இருப்பேன். தனியாகக் கேட்க வேண்டியது இருந்தால் கூச்சப்படாமல் வாங்க.